ரிப்போர்ட் நார்மல், மாத்திரையை நிறுத்தலாமா?

தைராய்டு மாத்திரையை ஜனங்கள் நிறுத்துவது உடம்பு நன்றாக இருக்கும்போதுதான். பல மாதம் அசதி, மலச்சிக்கல், முகவீக்கம், மாதவிடாய்க் கோளாறு என்று அலைந்து, ரத்தம் கொடுத்து, தைராய்டு குறைவைக் காட்டும் டிஎஸ்எச் கூடியிருக்கிறது என்று தெரிந்து, மாத்திரை தொடங்கி, மெல்ல மெல்லத் தேறுவார்கள். அடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று வரும். அந்த வாரமே பாட்டில் அலமாரிக்குள் போய்விடும்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பி.பார்ம் முடித்துவிட்டு அப்பா நடத்திய கடையில் உட்கார்ந்தவன். சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் அடுத்து எங்கள் கடையில் அதிகம் போவது தைராக்சின் என்ற இந்தத் தைராய்டு மாத்திரை பாட்டில்தான். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். "தம்பி, நார்மல்னு வந்துருச்சுப்பா. இனிமே இது வேண்டாம்ல?" என்று ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்துக் காட்டுவார்கள். அந்த முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். மாத்திரை சாப்பிட்டதால்தான் அக்கா அது நார்மல்.

இதைக் கடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லிப் புரியவைப்பது சிரமம். அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொண்டை வலிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொன்றுவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். தைராக்சின் எதையும் கொல்வதில்லை, சுரப்பியைக் குணமாக்குவதும் இல்லை. நம் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி தினமும் சுமார் 80 முதல் 100 மைக்ரோகிராம் வரை சுரக்கிற ஹார்மோன் அது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். சுரப்பி தளர்ந்துபோனவர்களுக்கு அதே ஹார்மோனைத் தொழிற்சாலையில் செய்து மாத்திரையாகக் கொடுக்கிறோம். உடம்பு செய்வதற்கும் மாத்திரையில் இருப்பதற்கும் மூலக்கூறில் எந்த வித்தியாசமும் கிடையாது.

டிஎஸ்எச் வேறு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. ரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி இன்னும் சுரக்கச் சொல்லி உத்தரவைக் கூட்டும். போதுமான அளவு இருந்தால் அடங்கிவிடும். அந்தத் தைராக்சின் கழுத்திலிருந்து வந்ததா பாட்டிலிலிருந்து வந்ததா என்று பிட்யூட்டரிக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது: கிணறு வற்றிய வீட்டில் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்புகிறோம். தொட்டி நிறைந்திருக்கிறது என்பதால் கிணற்றில் ஊற்று வந்துவிட்டதாக ஆகாது. லாரியை நிறுத்தினால் தொட்டி காலியாகும். ஆனால் அன்றைக்கே காலியாகாது.

ஆபத்தே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள தைராக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். ஒரு வாரத்தில் பாதி, இரண்டு வாரத்தில் கால் பங்கு, இப்படி மெதுவாகத்தான் இறங்கும். நிறுத்திய முதல் வாரம் எதுவும் தெரியாது. "நிறுத்திப் பார்த்துட்டேன், ஒண்ணும் செய்யலை" என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் அசதியை யாரும் அந்த பாட்டிலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வெயில், வேலை, வயசு என்று ஏதோ ஒரு காரணம் கிடைத்துவிடும்.

என் சித்திக்கு நடந்தது இதுதான். மாத்திரையை நிறுத்தியதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அவர் பேசியபோது குரல் கட்டைக் குரலாக மாறியிருந்தது. சளி என்றார். அதற்குள் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது என்று அதற்கொரு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தைராக்சின் குறைந்தால் கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலின் வேலையும் மந்தமாகும். டிஎஸ்எச் பார்த்தபோது வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு இருந்தது. மறுபடி தைராக்சின் தொடங்கியதும் குரலும் திரும்பியது, கொலஸ்ட்ராலும் இறங்கியது. இடையில் அவர் சுமந்த அந்த மாதங்கள்தான் எனக்கு இன்னும் வருத்தம்.

இந்த மெதுவான குணத்தில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு நாள் மறந்துவிட்டால் பதறவேண்டியதில்லை. ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம். டோஸ் மாற்றினால் ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்வதும் இதனால்தான், அளவு ஒரு நிலைக்கு வர அவ்வளவு நாள் பிடிக்கும். பத்து நாளில் போய் டெஸ்ட் எடுத்துவிட்டு "மாத்திரை வேலை செய்யலை" என்று முடிவுகட்டக் கூடாது.

இந்த மருந்து இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று படித்தபோதுதான் அதன் அருமை எனக்கு முழுதாக உறைத்தது. சுவிட்சர்லாந்தில் மலைப் பகுதி மண்ணில் அயோடின் குறைவு, அதனால் அங்கே கழுத்துக் கழலை சர்வசாதாரணம். பெர்ன் நகரத்தின் தியோடர் கோக்கர் அந்த அறுவை சிகிச்சையில் பெரிய கை. முன்பு தைராய்டை முழுதாக எடுத்த நோயாளிகளை அவர் திரும்ப வரவழைத்துப் பார்த்து, கண்டதை 1883இல் வெளியிட்டார். அறுவை நன்றாக ஆறியிருந்தது. ஆட்கள்தான் மந்தமாகி, முகம் ஊதி, யோசிக்கவும் பேசவும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு முழுச் சுரப்பியையும் எடுப்பதைத் தவிர்த்தார். தைராய்டு பற்றிய பணிக்காக 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தன் கையால் நடந்த கேட்டைத் தானே தேடிப் போய்ப் பார்த்து ஊருக்குச் சொன்னாரே, பரிசைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டை எடுத்து, கிளிசரினில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். தைராய்டு குறைவால் பல வருடம் முடங்கிக் கிடந்தவர் அந்தப் பெண். சில மாதங்களில் வீக்கம் வடிந்து, பேச்சு தெளிந்து, எழுந்து நடமாடினார். ஊசியே தேவையில்லை, வாய்வழியாகக் கொடுத்தாலும் வேலை செய்யும் என்று அடுத்த வருடமே வேறு சிலர் காட்டினார்கள். அந்தப் பெண் 1919இல், 74 வயதில் இறந்தார். அவ்வளவு காலமும் தைராய்டு மருந்திலேயே இருந்தார். அவருக்காக 870 ஆடுகளின் சுரப்பி செலவானதாக முர்ரே கணக்குச் சொல்லியிருக்கிறார். குணமாகிவிட்டது என்று முர்ரேயும் நினைக்கவில்லை, அந்தப் பெண்ணும் நினைக்கவில்லை. 28 வருடம் விடாமல் கொடுத்தார், விடாமல் எடுத்துக்கொண்டார். நோய் மாறவில்லை, வாழ்க்கை திரும்பிவிட்டது.

பிறகு அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் எட்வர்ட் கெண்டல், 1914 கிறிஸ்துமஸ் நாளன்று, சுரப்பியின் அந்தச் சத்தான தைராக்சினைத் தனிப் படிகமாகப் பிரித்தெடுத்தார். சுமார் மூன்று டன் பன்றித் தைராய்டிலிருந்து 33 கிராம் கிடைத்தது. இன்றைய 100 மைக்ரோகிராம் மாத்திரைக் கணக்கில் போட்டால் அந்த 33 கிராம் ஒரு ஆளுக்கு 900 வருடத்துக்கு வரும். அதன் வேதி அமைப்பைச் சார்லஸ் ஹாரிங்டன் 1926இல் சரியாகக் கண்டுபிடித்து, அடுத்த வருடம் ஜார்ஜ் பார்ஜரோடு சேர்ந்து செயற்கையாகவும் தயாரித்துவிட்டார். அப்படியும் பல காலம் காயவைத்த விலங்குச் சுரப்பித் தூள்தான் அதிகம் புழங்கியது. அதில் ஒரு மாத்திரைக்கும் இன்னொரு மாத்திரைக்கும் வீரியம் மாறும்.

1970இல் தெளிவான ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் போக முடியாது. ரிப்போர்ட்டில் டி3, டி4 என்று இருக்கும் இல்லையா, டி4 நான்கு அயோடின் அணு கொண்ட தைராக்சின். அதில் ஒன்று கழன்றால் டி3. உடம்பின் செல்களுக்குள் போய் வேலை பார்ப்பது முக்கியமாக டி3தான். பிரேவர்மன், இங்பார், ஸ்டெர்லிங் ஆகிய மூவரும், தைராய்டே வேலை செய்யாத ஆட்களுக்கு டி4 மட்டும் கொடுத்து ரத்தத்தைப் பார்த்தபோது அதில் டி3யும் இருந்தது. அப்படியென்றால் கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் தேவைக்கேற்ப டி4ஐ டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. பெரும்பாலோருக்கு இன்று டி4 மாத்திரை மட்டுமே போதுமானதாக இருப்பதற்கு அடிப்படை இதுதான்.

சரி, நம் வீட்டு அடுப்படிக்கு வருவோம். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டாலே 60 முதல் 80 சதவீதம்தான் குடலில் உறிஞ்சப்படும். உணவோடு போட்டால் இன்னும் குறையும். காபி கெடுக்கும் என்று 2008இல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதினார்கள். மாத்திரையும் எஸ்பிரஸ்ஸோவும் ஒன்றாக உள்ளே போனவர்களுக்கு டிஎஸ்எச் அடங்காமல் இருந்திருக்கிறது. தண்ணீரோடு மாத்திரை போட்டுவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்கச் சொல்வது இதற்குத்தான்.

சொல்வது சுலபம். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலையில் சீக்கிரமே வந்துவிடும். அதற்குள் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, நின்றபடி ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு ஓடும் பெண்ணிடம் "ஒரு மணி நேரம் வெறும் வயிற்றில் இருங்க" என்றால் அவர் மாத்திரையைத்தான் விடுவார். இவர்களுக்கு நான் டாக்டரிடம் கேட்கச் சொல்வது இரவு நேரத்தை. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், படுக்கப் போகும்போது மாத்திரை போட்டவர்களுக்குக் காலையில் போட்டபோது இருந்ததைவிட ஹார்மோன் அளவு நன்றாக இருந்தது. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இடையில் பால் குடிக்கக் கூடாது. காலையோ இரவோ, தினமும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம்.

காபியைவிட எனக்குக் கவலை தருபவை கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும். இவை தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்தும் கால்சியமும் கொடுக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் "எல்லாத்தையும் காலையில ஒண்ணா முழுங்கிடுறேன் அண்ணே" என்று ஒரு பெண் சொல்லும்போது எனக்குத் திக்கென்று இருக்கும். கர்ப்ப காலத்தில் தைராக்சின் தேவை குறைவதில்லை, கூடும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் கூட்டவேண்டி வரும், அதுவும் ஆரம்ப வாரங்களிலேயே. கருவில் இருக்கும் குழந்தையின் சொந்தச் சுரப்பி சரியாக வேலை செய்ய நான்காவது, ஐந்தாவது மாதம் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராக்சின்தான் ஆதாரம். "மாசமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு, பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லி நிறுத்தச் சொல்லும் மாமியார்களும் அம்மாக்களும் அன்பினால்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசவேண்டியது இந்த ஒரு விஷயத்தைத்தான்: பிள்ளைக்காகத்தான் அந்த மாத்திரை. தள்ளிப்போனது தெரிந்ததும் முதல் வேலையாக டாக்டரைப் பார்த்து டிஎஸ்எச் எடுத்துவிட வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள் கடையில் அடிக்கடி வரும். தைராக்சினுக்குச் சூடும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. அடுப்புக்கு மேலே அலமாரியிலும் ஃபிரிட்ஜ் தலையிலும் பாட்டிலை வைக்காதீர்கள். மூடியை இறுக்கி மூடி, அதே பாட்டிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி மாத்திரை ஒத்துப்போனால் அதையே தொடருங்கள். கடையில் இல்லையென்று வேறு கம்பெனி வாங்க நேர்ந்தால் டாக்டரிடம் சொல்லி, ஆறு வாரத்தில் ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடுவது நல்லது. மைக்ரோகிராமில் வேலை செய்யும் மருந்து இது, சின்ன வித்தியாசமும் ரிப்போர்ட்டில் தெரியும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பல லேப்களில் டிஎஸ்எச் பார்க்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பொருளாகப் பயன்படுகிறது. ரத்தத்தில் அது மிதந்துகொண்டிருந்தால் கணக்கு குழம்பி, டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். அதைப் பார்த்து டோஸைக் குறைத்தால் உண்மையில் குறைவாக இருப்பவருக்கு இன்னும் குறையும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றிய பயம் தேவையில்லாதது. வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. முட்டைக்கோஸை விட்டதால் தைராய்டு குணமாகிவிட்டது என்று வீடியோவில் சொல்கிறவர்களை நம்பி மாத்திரையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் இது.

உப்பில்தான் அயோடின் போடுகிறார்களே, பிறகு ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சென்னை உள்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் பெரியவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது. அயோடின் கிடைக்கும் இடங்களில் முக்கியமான காரணம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானின் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்த நோய் அது, அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. இப்படி அழிந்த சுரப்பி பெரும்பாலும் மீள்வதில்லை. ஆயுள் முழுக்க மாத்திரை என்று சொல்வதும் அதனால்தான்.

அதே சமயம், கூடுதலாகப் போட்டால் கூடுதல் நன்மை என்று நினைக்கவும் கூடாது. அளவுக்கு மேல் தைராக்சின் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு பலவீனமாகும், அதுவும் வயதானவர்களுக்கு. உடம்பு இளைக்க இதைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. 65 வயதைத் தாண்டி, டிஎஸ்எச் கொஞ்சமே கூடி, டி4 சரியாக இருப்பவர்களுக்கு மாத்திரையால் அறிகுறிகளில் பலன் தெரியவில்லை என்று ஐரோப்பாவில் நடந்து 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே தாத்தா பாட்டிக்கு லேசாகக் கூடியிருந்தால் உடனே மாத்திரை கேட்டு டாக்டரை நெருக்காதீர்கள். கொஞ்சம் நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அவர் சொன்னால் அதுவும் வைத்தியம்தான்.

அப்படியானால் இந்த மாத்திரையை நிறுத்தவே முடியாதா? சிலருக்கு முடியும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தைராய்டு அழற்சி வந்து, தற்காலிகமாகச் சுரப்பு குறையும் பெண்கள் உண்டு. அவர்களில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் சுரப்பி தானாகவே மீண்டுவிடும். டாக்டர் டோஸைக் குறைத்துக் குறைத்து, இடையிடையே ரத்தம் பார்த்து நிறுத்துவார்.

இன்னொரு கூட்டம் பச்சைக் குழந்தைகள். பிறக்கும்போதே தைராய்டு சரியாக இல்லாத குழந்தை நம் நாட்டில் சுமார் ஆயிரத்தில் ஒன்று. பார்க்க எந்தக் குறையும் தெரியாது, அம்மாவிடமிருந்து வந்த தைராக்சின் கொஞ்ச நாள் தாங்கும். சில மாதம் கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி போய்விடும், பிறகு கொடுத்தாலும் முழுதாக மீட்க முடியாது. 1970களில் கனடாவின் கியூபெக்கில் ஜான் டுசோல்ட் என்ற மருத்துவர், குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் காயவைத்து இதைக் கண்டுபிடிக்க வழிசெய்தார். இன்று பல நாடுகளில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. நம் ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாக நடந்துவிடுவதில்லை. பிள்ளையோடு வீட்டுக்குக் கிளம்பும் முன் "குழந்தைக்கு டிஎஸ்எச் பார்த்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட்டால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போலவே வளரும். மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்து, ஸ்பூனிலோ பாலாடையிலோ கொடுத்தால் போதும்.

அந்தக் குழந்தைகளில் சிலருக்குக் குறை தற்காலிகமானது. ஆனால் அதை முதல் வருடத்தில் நிறுத்திச் சோதிக்க மாட்டார்கள். மூளை வளர்ச்சியின் முக்கியமான கட்டம் தாண்டி, மூன்று வயது ஆகும்வரை காத்திருப்பார்கள். பிறகு டாக்டரே ஒரு தேதி குறித்து மாத்திரையை நிறுத்தி, நான்கு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார். டிஎஸ்எச் ஏறியிருந்தால் அன்றே மறுபடி தொடங்குவார். ஏறாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் கவனித்துவிட்டு, இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்.